நாற்பது விழுக்காடு யூரியா

என் ஓரகத்தியின் கால் அழகாகிக்கொண்டே வந்தது எனக்குப் பொறுக்கவில்லை. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐம்பத்தாறு வயதில் இன்னொருத்தியின் குதிகாலைப் பார்த்து வயிறெரிந்தவள் மலேசியாவில், இந்தக் கோலசிலாங்கூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஓரகத்தி என்றால் என் கணவருடைய தம்பியின் மனைவி. என்னைவிட மூன்று வயது இளையவள். நான் கல்யாணமாகித் தோட்டத்துக்கு வந்த இரண்டாம் வருஷம் அவளும் வந்தாள். ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு. இரண்டு பேரும் எண்ணெய் எடுக்கிற செம்பனை மரத்துக்கு உரம் போடும் கும்பலில் சேர்ந்து வேலை செய்தோம். இடுப்பில் வாளியைக் கட்டிக்கொண்டு, மரத்தைச் சுற்றி ஒரு வட்டம் வீசிவிட்டு அடுத்த மரத்துக்குப் போக வேண்டும். கையுறை கொடுப்பார்கள். வியர்வையில் வழுக்குகிறது என்று கழற்றிச் சொருகிக்கொள்வோம். ரப்பர் பூட்ஸுக்குள் மழைத் தண்ணீர் புகுந்தால் வேலை முடிகிறவரை கால் அதிலேயே ஊறும். ஆறு வருஷத்தில் அவள் புருஷனோடு ரவாங் பக்கம் போய்விட்டாள். சுங்கை சோவில் வீடு, தொழிற்சாலையில் வேலை. நான் இருபது வருஷத்துக்கு மேல் உரம் போட்டேன். அது போதாதென்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாசிர் பெனம்பாங்கில் இறால் பிரிக்கும் இடத்தில் சேர்ந்தேன். அங்கேயும் பூட்ஸ், அங்கேயும் ஈரம்.

என் கால் எப்படி இருந்தது என்று அதிகம் சொல்லத் தேவையில்லை. அடித்தோல் தடித்து மஞ்சளாகி, விரலால் தட்டினால் சத்தம் கேட்கும். குதிகாலில் வெடிப்பு. படுத்தால் போர்வையின் நூல் அதில் மாட்டிக்கொள்ளும். இரண்டு பெருவிரல் நகமும் ஆட்டுக் கொம்பு மாதிரி. நகவெட்டியின் வாய் அதற்குப் போதாது. செடி வெட்டும் கத்தரியைத்தான் எடுப்பேன். இதற்காக நான் வெட்கப்பட்டதே இல்லை. என் காலை யார் பார்க்கிறார்கள்?

மகனுக்குக் கல்யாணம் பேசி முடித்தபோதுதான் எனக்குக் கால் என்று ஒன்று இருப்பதே ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் கல்யாணங்களில் பாதபூஜை உண்டு. மாப்பிள்ளையின் அப்பா அம்மாவை மேடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, காலைத் தாம்பாளத்தில் வைக்கச் சொல்வார்கள். மாப்பிள்ளை தண்ணீரும் பாலும் ஊற்றிக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, பூப்போட்டுக் கும்பிடுவான். பெண்ணும் தன் அப்பா அம்மாவுக்கு அதே மாதிரி செய்வாள். வீடியோ எடுப்பவர் கேமராவைத் தாம்பாளத்துக்கு அருகிலேயே கொண்டுவந்து வைத்துவிடுவார். மேடைக்குப் பக்கத்துத் திரையில் ஒவ்வொரு விரலும் முறம் அளவுக்குத் தெரியும்.

என் கணவர் தவறி ஆறு வருஷமாகிறது. அப்பா இல்லாத பையன் என்றால் சித்தப்பாவும் சித்தியும் ஜோடியாக உட்காருவது எங்கள் குடும்பத்து வழக்கம். தாலி இல்லாதவளை அந்த நேரத்தில் மேடைக்குக் கூப்பிட மாட்டார்கள். உறவுக்காரர்கள் கூடிப் பேசியபோது, யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னால் நானே, "சித்தப்பாவும் சித்தியுமே ஒக்காரட்டும்" என்று சொல்லிவிட்டேன். மற்றவர் சொல்லிக் கேட்பதைவிட நாமே சொல்லிவிட்டால் கௌரவமாக இருக்கும் என்று ஒரு நினைப்பு. சொல்லிவிட்டு ஓரகத்தியைப் பார்த்தேன். அவள் முகம் அப்படி மலர்ந்திருந்தது. அவளுக்குப் பிள்ளை இல்லை. இந்த ஒரு தடவையை விட்டால் அவள் காலை எந்த மேடையிலும் யாரும் கழுவப் போவதில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் கிடந்தேன்.

பொறாமை அன்றைக்குத் தொடங்கியதும் இல்லை. மகன் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷன். நாலு வருஷம் அவள் வீட்டில் தங்கித்தான் வேலைக்குப் போனான். சனிக்கிழமை என்னைப் பார்க்க வருவான். வந்து உட்கார்ந்து, என் ரசத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, "சித்தி வேற மாதிரி வைப்பாங்கம்மா" என்பான். அவன் கொண்டுவரும் சட்டைகளில் அவள் வீட்டுச் சோப்பு வாசம் அடிக்கும். துவைத்து மடித்த சட்டைகள்தான். நான் அவற்றை மறுபடியும் துவைப்பேன்.

கல்யாணத்துக்கு இரண்டரை மாதம் இருந்தபோது, வீட்டுக்குச் சாயம் அடிக்கவும் பத்திரிகை வைக்கவும் ஒத்தாசைக்காக அவள் வந்து பத்து நாள் தங்கினாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அவள் பையை வாங்கக் குனிந்த நான் நிமிரவில்லை. குதிகால் இரண்டும் உரித்த உருளைக்கிழங்கு மாதிரி இருந்தன. முன்பு தொழிற்சாலையில் பெட்டி விழுந்து அவளுடைய வலது பெருவிரல் நகம் கறுத்துத் தடித்துப் போயிருந்தது. இப்போது அது மெலிந்து, அடியிலிருந்து பாதி தூரம் புது நகம் வந்திருந்தது.

"காலுக்கு என்னா பண்ணுன?" என்று கேட்டேன். வந்தவளை வா என்றுகூடச் சொல்லவில்லை.

"தோல் டாக்டர்கிட்ட போனேன்க்கா. கிரீம் எழுதிக் குடுத்தாரு. நாலு மாசமா பூசுறேன்."

"இத்தன வருசமா இல்லாம இப்ப என்னா?"

அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். "புள்ள தொடப்போற காலு இல்லக்கா? சொரசொரன்னு இருந்தா அவன் கைக்கு நல்லாவா இருக்கும்?"

புள்ள என்றாள். என் பிள்ளையைத்தான்.

தினமும் மத்தியானம் குளித்துவிட்டு வந்து கூடத்தில் காலை நீட்டி உட்காருவாள். அது ஒரு பூஜை மாதிரிதான் நடக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் காலை ஊற வைப்பாள். விரல் இடுக்கெல்லாம் துடைப்பாள். குதிகாலுக்கு ஒரு கிரீம். நகத்துக்கு வேறு, அது இன்னும் கெட்டியாக இருக்கும். நகத்தைச் சுற்றியுள்ள நல்ல தோலில் முதலில் பிளாஸ்திரி ஒட்டி மறைத்துக்கொண்டு, நகத்தின் மேல் மட்டும் வைத்து, பிளாஸ்டிக் தாளால் சுற்றி, காலுறை போட்டுக்கொள்வாள். நான் கீரை ஆய்வதுபோல் எதிரில் உட்கார்ந்து ஒன்று விடாமல் பார்ப்பேன். ஒருநாள் அவள் கை கழுவப் போனபோது அந்தக் குழாயை எடுத்து வாசித்தேன். யூரியா, நாற்பது விழுக்காடு என்று இருந்தது.

அவள் வந்ததும் கேட்டேன். "இதென்னா, யூரியாவா? நாம வாளியில அள்ளி வீசுனமே, அந்த யூரியாவா?"

"அதே சரக்குதான்னு டாக்டரே சொன்னாரு. தடிச்ச தோல இளக்குமாம், நகத்தயும் மெதுவாக்குமாம்."

"இருவது வருசம் அதுல கைய விட்டவ நானு. எனக்கு ஒண்ணும் இளகலயே லா!"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் கொஞ்சம் குடு என்று கேட்க நாக்கு எழவில்லை. அவளாகக் கொடுப்பாள் என்று பார்த்தேன். அவரவர் காலைப் பார்த்துத்தான் எழுதுவார்களாம், மாற்றிப் பூசக்கூடாதாம், ஆனால் என்னையும் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்றாள். எனக்கு வேண்டாம், என் காலை யார் கழுவப் போகிறார்கள் என்று சொன்னேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. அதில் எனக்கு ஒரு திருப்தி.

மறுநாள் அவள் சாமான் வாங்கப் போனதும் வீட்டுக்குப் பின்னால் போனேன். வாழைக்கும் மிளகாய்க்கும் போடுவதற்காக அரை மூட்டை யூரியா வைத்திருந்தேன். வெள்ளை வெளேரென்று ஜவ்வரிசி மாதிரி உருண்டைகள். எனக்கு அதைப் பற்றிச் சொல்லித்தர ஒரு டாக்டர் வேண்டுமா? எத்தனை ஆயிரம் மரத்துக்குப் போட்டிருப்பேன்! இரண்டு கை அள்ளி அம்மியில் பொடித்து, தண்ணீரும் தேங்காயெண்ணெயும் விட்டுக் குழைத்தேன். அவளுக்கு நாற்பது என்றால் எனக்கு இன்னும் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கட்டும் என்று இன்னொரு பிடி சேர்த்தேன். தண்ணீர் பட்டதும் கலவை ஜில்லென்று ஆனது. மருந்து வேலை செய்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். வெடிப்புக்குள் அழுத்தித் தேய்த்தேன். உருண்டைகள் முழுக்கப் பொடியாகவில்லை, மணல் மாதிரி அறுத்தது. எரிந்தது. எரிந்தால்தானே மருந்து? பிளாஸ்டிக் பையைச் சுற்றி, மகனுடைய பழைய காலுறையை மாட்டிக்கொண்டு சமையல் வேலையைப் பார்த்தேன்.

மூன்று நாள் அப்படிச் செய்தேன். மூன்றாம் நாள் காலுறையைக் கழற்றும்போது தோலும் சேர்ந்து வந்தது. வெடிப்பெல்லாம் வாயைப் பிளந்து ரத்தம் கசிந்தது. விரல்களைச் சுற்றி வெள்ளையாக ஊறிப்போய் வீங்கியிருந்தது. தரையில் கால் வைக்க முடியவில்லை. அப்போதும் என் புத்தி எங்கே போனது என்றால், அவளுக்குத் தெரியக்கூடாது என்பதில்தான் போனது. மறுபடியும் காலுறையைப் போட்டுக்கொண்டு சுவரைப் பிடித்து நடந்தேன்.

"நீ எப்பருந்துக்கா வீட்டுல ஸ்டோக்கின் போட ஆரம்பிச்ச?" என்று கேட்டாள். அடுத்த நிமிஷம் என்னை நாற்காலியில் தள்ளி உட்கார வைத்து உருவிப் பார்த்துவிட்டாள். பின்னால் போய் அம்மியையும் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஒனக்கு என்னா பைத்தியமாக்கா? காலு என்னா செம்பனை மரமா?"

கத்திக்கொண்டே ஒரு பேசினில் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஒட்டிக்கிடந்த உரத்தைத் துளித்துளியாகத் தண்ணீர் விட்டுக் கழுவி எடுத்தாள். அரைமணி நேரம் ஆகியிருக்கும். அவள் புடவை முழுக்க நனைந்துவிட்டது. கொம்பு மாதிரி இருந்த என் நகத்தை அவள் விரல் தொட்டபோது நான் காலை இழுத்துக்கொண்டேன். அவள் விடவில்லை. அவளுடைய கால் பக்கத்தில் மழமழவென்று தெரிந்தது. இவ்வளவு நடக்கும்போதும் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டவுனில் இருந்த கிளினிக்குக்கு அவளே கூட்டிக்கொண்டு போனாள். சின்ன வயது மலாய்க்கார டாக்டர் அம்மா. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "பாஜா?" என்று இரண்டு தடவை கேட்டார். பாஜா என்றால் மலாயில் உரம். ஆமாம், பாஜாதான் என்றேன். அவர் சிரிக்கவில்லை, அதற்காக அவருக்குப் புண்ணியம். சரக்கு ஒன்றுதான், ஆனால் உரத்துக்குச் சுத்தமும் கிடையாது அளவும் கிடையாது, கிரீமையே வெடித்த புண்ணில் பூசக்கூடாது, நீங்கள் உரத்தை வைத்துத் தேய்த்திருக்கிறீர்கள் என்று பொறுமையாகச் சொன்னார். இனிப்புநீர் வியாதி இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார். இல்லை. நகம் தடித்ததற்குப் பூஞ்சை காரணமா என்று பார்க்கக் கொஞ்சம் சீவி அனுப்பினார். அதுவும் இல்லை என்று பிறகு தெரிந்தது. வருஷக்கணக்கில் பூட்ஸ் இடித்து இடித்து வந்த தடிப்பாம். முதலில் புண்ணுக்கு மருந்து. புண் ஆறியதும் குதிகாலுக்கு ஒரு யூரியா கிரீம், நகத்துக்கு நாற்பது விழுக்காடு. என் பெயரிலேயே எழுதிக் கொடுத்தார்.

ஓரகத்தி ஊருக்குப் போன பிறகும் தினமும் போன் பண்ணுவாள். "பூசுனியாக்கா? நகத்தச் சுத்தி பிளாஸ்திரி ஒட்டுனியா?" என்பாள். பூசினேன். அவளுக்காக இல்லை. அவளுடையதைவிட என் கால் நன்றாக வரவேண்டும் என்று பூசினேன். பத்து நாளில் நகம் ஈரச் சோப்பு மாதிரி மெதுவானது. மேலே இருந்த மஞ்சளை அரத்தால் லேசாகத் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. குதிகாலில் தடிப்பு இறங்கி, எத்தனையோ வருஷமாகப் பார்க்காத என் சொந்தத் தோல் வெளியே வந்தது. வெயிலில் உட்கார்ந்து அதை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்ப்பேன். பெருவிரலின் அடியில் அரிசி அகலத்துக்குப் புது நகம் வந்திருந்தது. அதைக் காட்ட எனக்கு ஆள் இல்லை. காட்ட வேண்டிய இடம் ஒன்றுதான் இருந்தது, அதை நானே தூக்கிக் கொடுத்திருந்தேன்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருந்தபோது மகன் வந்தான். மண்டபத்து ஐயரிடம் பேசினானாம். அப்பா படத்தை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்காரலாம், அதில் ஒரு குற்றமும் இல்லை என்று அவர் சொன்னாராம்.

"நீ ஒக்காருறியாம்மா? தாலி கீலின்னு பேசுறவங்கள நான் பாத்துக்கிறேன்."

"ஒக்காருறேன்" என்றேன். யோசித்ததாக நடிக்கக்கூட இல்லை.

அவன் தலையைச் சொறிந்தான். "சித்திக்கு வேற யாரும் செய்ய மாட்டாங்கம்மா. பாவம்."

"பெத்தது யாருடா?"

தாலி இல்லாதவள் மேடை ஏறக்கூடாது என்பது அநியாயம்தான். அதை உடைத்தாய் பார் என்று பிறகு எத்தனையோ பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் அன்றைக்கு அந்த அநியாயம் என் நினைப்பில் ஒரு ஓரத்தில்கூட இல்லை. அவள் உட்காரக்கூடாது, அவ்வளவுதான்.

ஓரகத்தி அன்று மாலையே போன் பண்ணினாள். "நல்லதுக்கா. அதான் மொற. எனக்கும் மனசுக்குள்ள இருந்துச்சு" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். கல்யாணத்துக்கு முதல் நாள் வந்து, என் நகங்களை அவளே அரத்தால் தேய்த்து ஒழுங்கு பண்ணினாள். "பாரேன்க்கா, எம்புட்டு அழகா வந்துருச்சு" என்றாள்.

மேடையில் இரண்டு நாற்காலி. ஒன்றில் மாலை போட்ட படம், இன்னொன்றில் நான். ஓரகத்தி பால் செம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். மகன் குனிந்து என் காலை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தான். தண்ணீர் ஊற்றினான். அவன் கட்டைவிரல் என் குதிகாலில் போய்வந்தது, எங்கேயும் தடுக்கவில்லை. என் கண் கலங்கிவிட்டது. அவன் சித்தியின் பக்கம் கையை நீட்டினான், அவள் செம்பைக் கொடுத்தாள், பால் ஊற்றிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். மஞ்சள் வைத்துப் பூப்போட்டான்.

அப்போது ஐயர் ஒலிபெருக்கியிலேயே கேட்டார். "சித்தப்பா, சித்தி, பெரியவங்க யாராச்சும் ஒக்காரணுமா? நேரம் இருக்கு. நாற்காலி போட்டுக்கலாம்."

மகன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். மண்டபம் முழுக்க நாற்காலி. ஒரு வார்த்தைகூட வேண்டாம், ஒரு தலையசைப்புப் போதும். கொழுந்தனார் மேடைக்குக் கீழே முதல் வரிசையில்தான் இருந்தார். ஓரகத்தி வெற்றுக்காலோடு நின்றாள். விரல்களில் மெட்டியைப் புதிதாக மெருகேற்றிப் போட்டிருந்தாள். ஐயர் கேட்டதும் காலிச் செம்பை மெல்லக் கீழே வைத்தாள்.

நான் பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பி, படத்தில் இருந்த மாலையைச் சரிசெய்தேன். ஐயர் கொஞ்சம் பார்த்துவிட்டு அடுத்த மந்திரத்துக்குப் போய்விட்டார். அவள் செம்பை மறுபடியும் எடுத்துக்கொண்டாள்.

இது நடந்து ஏழெட்டு மாதமாகிறது. என் நகம் முக்கால்வாசி வளர்ந்துவிட்டது. நகத்துக்கான கிரீமை நிறுத்திவிட்டேன். குதிகாலுக்கு மட்டும் தினமும் பூசுகிறேன், விட்டால் மறுபடியும் தடிக்கிறது. அவள் இன்னமும் போன் பண்ணி, "பூசுனியாக்கா?" என்று கேட்கிறாள். போன மாதம் மகன் கல்யாண வீடியோவைக் கொண்டுவந்து கொடுத்தான். பாதபூஜையைப் போட்டுப் பார்த்தேன். கேமரா தாம்பாளத்துக்கு அருகில் நிற்கிறது. நடுவில் என் கால் இரண்டும் பெரிதாக, நன்றாகத்தான் இருக்கின்றன. திரையின் ஓரத்தில், செம்போடு நின்ற இடத்தில், அவள் கால் தெரிகிறது. அது என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.

பிறகு ஐயர் கேட்பது கேட்கிறது. கேமரா மேலே ஏறுகிறது. மகன் என்னைப் பார்ப்பதும், நான் திரும்பி மாலைக்குக் கையை நீட்டுவதும் தெளிவாகப் பதிவாகியிருக்கின்றன. அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப நிறுத்திப் பார்த்துவிட்டேன். என் கை படுவதற்கு முன்பே மாலை நேராகத்தான் இருக்கிறது.